ரைட்டர் கிழிக்காத பக்கம்

ரைட்டரய்யாவிடம் "மழை பெய்யுதுங்க" என்று சொல்லிவிடக் கூடாது. மேஜையை விட்டு எழுந்து வாசலுக்கு வருவார். கையை வெளியே நீட்டுவார். கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு, "தூறல்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். சொன்னவன் நனைந்த சட்டையோடு விழித்துக்கொண்டு நிற்பான்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். மேலே இருப்பவர்களுக்கு அவர் ரைட்டர். எங்களைப் போன்ற கான்ஸ்டபிள்களுக்கு ரைட்டரய்யா. அவருக்கு நான் நானூத்திப் பதினாறு. சவரிமுத்து என்று எனக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் சர்க்கார் கொடுத்த எண்ணில்தான் அவருக்கு நம்பிக்கை.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். தில்லை நகர் என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அங்கெல்லாம் நெல் விளைந்துகொண்டிருந்த காலம். நாங்கள் வேலை பார்த்தது காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில். எது என்று வேண்டாம்.

ஸ்டேஷனில் நடப்பதை எல்லாம் மணி போட்டு எழுத ஒரு டைரி உண்டு. யார் வந்தார், யார் போனார், யாரைப் பிடித்துவந்தார்கள் எல்லாம் அதில் ஏறவேண்டும். மற்ற ஸ்டேஷன்களில் அந்த டைரியை மாலையில் ஒருதரம் உட்கார்ந்து, நடந்திருக்கவேண்டியதை எல்லாம் அழகாக எழுதி முடிப்பார்கள். எங்கள் ரைட்டரய்யா நடந்ததை நடந்தபோதே எழுதுவார். ஒருநாள் எங்கள் சப் இன்ஸ்பெக்டர் டைரியைப் புரட்டியவர், அப்படியே நிமிர்ந்தார்.

"என்னய்யா ரைட்டர் இது? 'மூன்று பத்து. சப் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில். கண் மூடியிருக்கிறார்.' நான் தூங்கினேன்னு சர்க்காருக்குச் சொல்றியா?"

"இல்லீங்க. தூங்கினீங்களான்னு எனக்குத் தெரியாது. கண்ணு மூடியிருந்துச்சு. அதைத்தான் எழுதியிருக்கேன்."

சப் இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் நல்ல சிரிப்புக்காரர். முப்பது வயது, நல்ல சாரீரம், கான்ஸ்டபிள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வந்து பந்தியில் உட்காருவார். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். இதைச் சொல்லிவைப்பது நியாயம்.

எனக்குப் பெண் பார்க்கப் பாலக்கரைக்குப் போனபோது, பெரிய மனுஷன் ஒருவர் கூட வந்தால் மதிப்பாக இருக்கும் என்று நான் ரைட்டரய்யாவை அழைத்துக்கொண்டு போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். பெண்ணின் அப்பா, மாதா கோவிலில் உபதேசியார், மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்: "பையன் எப்படிங்க?"

ரைட்டரய்யா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லவன். சாப்பாட்டுல உப்புக் குறைஞ்சா மூஞ்சியத் தூக்குவான். பாராவுல நின்னுக்கிட்டே தூங்கத் தெரியும். போன மாசம் பெல்ட்டைத் தொலைச்சிட்டு, குரங்கு தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொன்னான். குரங்கு தூக்கலே."

உபதேசியார் என் இடுப்பைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புதான் ஆரோக்கியம், என் மனைவி. "இதுக்கு மேல இந்த ஆள்கிட்டக் குத்தம் ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன்" என்று கல்யாணத்துக்குப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ரைட்டரய்யாவின் மனைவிக்கு வேறு அபிப்பிராயம். "எல்லாரும் இதை நல்ல குணம்ங்கிறாங்க தம்பி. எனக்கென்னமோ வியாதியாத்தான் தெரியுது. தங்கச்சி வீட்டுக்குப் போனா, குழந்தை அழகா இருக்கான்னு கேக்கிறா. இவரு, 'இனிமேதான் தெரியும்'ங்கிறாரு. யாராவது நல்ல வைத்தியர் இருந்தாச் சொல்லுங்க" என்பார்.

வியாதி முற்றியது ஒரு வெள்ளி வட்டிலால்.

வட்டில் என்றால் பெருமாளுக்குத் தீர்த்தம் வைக்கிற சின்னக் கிண்ணம். உத்தர வீதியில் ஓர் ஐயங்கார் வீட்டில், பூஜை அறையிலிருந்து அது காணாமல் போய்விட்டது. அவர் ஓய்வு பெற்ற வாத்தியார்; அவருடைய மைத்துனர் பட்டணத்தில் பெரிய வக்கீல். வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் பூக்காரன் ஒருவன்தான் என்று அவர் எழுதிக்கொடுத்தார். பூக்காரன் பெயர் அழகிரி. தினமும் காலையில் துளசிமாலை கட்டிக் கொண்டுவந்து கொடுப்பவன். சனிக்கிழமை காலையில் அவனைப் பிடித்துவந்தார்கள்.

பட்டணத்து வக்கீலின் காதுக்கு நல்ல சேதி போகவேண்டும் என்று எங்கள் சப் இன்ஸ்பெக்டருக்கு ஆசை. அழகிரியோ, "எனக்குத் தெரியாது சாமி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மேஜை விளிம்பில் அவன் வலது கையை வைக்கச் சொல்லி லத்தியால் அடித்தார்கள். முன் அறையில் ரைட்டரய்யா உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் எழுதியதைப் பார்த்தேன்: "பதினொன்று இருபது. உள் அறையில் அழகிரியின் கையில் அடி. ஒன்பது. அலறல்."

திங்கட்கிழமை காலையில் அழகிரியின் பூக்கூடையிலிருந்து வட்டில் கைப்பற்றப்பட்டது. அந்தக் கூடை சனிக்கிழமை முதல் ஸ்டேஷன் மூலையில்தான் கிடந்தது. கைப்பற்றப்பட்ட வட்டில் புத்தம் புதிதாகப் பளபளவென்று இருந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் நான் வாசலில் பாரா நின்றேன். மேல்துண்டில் எதையோ மூடி எடுத்துக்கொண்டு ஐயங்கார் வேகவேகமாக வந்து உள்ளே போனார். முகமெல்லாம் வியர்வை.

"ஸ்வாமி, பெரிய அபசாரம் நடந்துபோச்சு. ஆத்துல உத்ஸவத்துக்குப் பாத்திரம் தேய்ச்சப்போ, இது புளிப்பானைக்குள்ள விழுந்திருக்கு. இன்னிக்குத்தான் கெடைச்சுது. அந்தப் பிள்ளையாண்டானை விட்டுடுங்கோ."

பாராக்காரன் தெருவைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். ஆனாலும் நான் திரும்பிப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் இரண்டு வட்டில்கள் இருந்தன. ஒன்று புதியது. ஒன்று பழையது, அடியில் சங்கு சக்கரம் பொறித்தது, புளி ஒட்டியது. சப் இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பழைய வட்டிலை எடுத்து, ஐயங்கார் துண்டிலேயே சுற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க வரவே இல்லை. என்ன? வந்தீங்கன்னா, பொய்ப் புகார் கொடுத்ததா உங்க மேலதான் கேஸ் வரும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? வீட்டுக்குப் போய்ப் பெருமாளைச் சேவிச்சுக்கிட்டு இருங்க."

ஐயங்கார் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். நான் சட்டென்று தெருப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் அறையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

சப் இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "ரைட்டர், என்ன எழுதுறே?"

ரைட்டரய்யா எழுந்து நின்று படித்தார். "இரண்டு நாற்பது. புகார்தாரர் வந்தார். காணாமல் போன வட்டிலைக் கொண்டுவந்தார். காணாமல் போய்க் கைப்பற்றப்பட்ட வட்டிலும் மேஜைமேல் இருக்கிறது. ஆக வட்டில் இரண்டு."

"அந்தப் பக்கத்தைக் கிழி."

ரைட்டரய்யா உட்கார்ந்தார். பேனாவைத் தொட்டு மறுபடி எழுதினார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். எப்போதும் நூல் பிடித்த மாதிரி இருக்கும் அவர் எழுத்து, அன்றைக்குக் கோணலாகப் போயிற்று.

"இப்ப என்ன எழுதுறே?"

"'இரண்டு நாற்பத்தைந்து. பக்கத்தைக் கிழிக்கும்படி சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். நான் கிழிக்கவில்லை.'"

இந்தத் தடவை சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

மறுநாள் அழகிரியைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரைட்டரய்யா ஜில்லா போலீஸ் சூப்ரண்டு துரைக்கு ஒரு மனு எழுதினார். நடந்ததை மணிவாரியாக எழுதி, அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தார் தெரியுமா? சப் இன்ஸ்பெக்டரிடமே கொடுத்தார். மேலிடத்துக்குப் போகிற எந்த மனுவும் நேர் மேலதிகாரி வழியாகத்தான் போகவேண்டும் என்பது விதி.

"உங்க மேலதான் புகார் எழுதியிருக்கேங்க. பார்த்து, மேலே அனுப்பிடுங்க" என்று சல்யூட் அடித்துக் கொடுத்தார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ரைட்டரய்யா, திருடன்கிட்டயே சாவியைக் கொடுத்துட்டு வர்றீங்களே!"

"விதி அப்படித்தான் இருக்கு, நானூத்திப் பதினாறு. அதை நான் மீறினா, அப்புறம் அவரை என்ன கேக்கிறது?"

மனு எந்த அடுப்பில் எரிந்ததோ தெரியாது. கோர்ட் விசாரணைக்கு முந்தின நாள் ரைட்டரய்யா உத்தர வீதிக்குப் போனார். இதை ஐயங்காரே பிறகு எல்லோரிடமும் சொன்னார். வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நாளைக்குக் காலையில பெருமாளுக்கு எந்த வட்டில்லங்க தீர்த்தம் வைப்பீங்க?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் திரும்பிவிட்டாராம். அந்த வட்டிலை எடுத்து வைக்கவும் முடியாமல், ஒளித்துவைக்கவும் முடியாமல் அந்த மனிதர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

கோர்ட்டில் புதிய வட்டிலை அவர் கையில் கொடுத்து, "இது உங்களுடையதுதானே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஐயங்கார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓவென்று அழுதுவிட்டார்.

"பெருமாள் சாட்சியாச் சொல்றேன். இது எங்காத்து வட்டில் இல்லை. எங்காத்து வட்டில் ஆத்துலதான் இருக்கு. கெடைச்ச அன்னிக்கே ஸ்டேஷன்ல சொல்லிட்டேன். அந்தப் பிள்ளை நிரபராதி."

அழகிரியை விட்டுவிட்டார்கள். கூண்டிலிருந்து இறங்கியவன் கும்பிடக் கையைத் தூக்கினான். வலது கை விரல்கள் சேரவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் எப்படித் தெரிந்தே இப்படி ஒரு கேஸ் போட்டார் என்று மாஜிஸ்திரேட் மேலே எழுதிவிட்டார். விசாரணை வந்தது. வட்டில் கிடைத்த சேதி தனக்குத் தெரியவே தெரியாது, ஐயங்கார் வந்து ரைட்டரிடம்தான் சொல்லியிருக்கிறார், ரைட்டர் தன்னிடம் மறைத்துவிட்டார் என்று சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். டைரியை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் இல்லை. அடியோடு கிழிந்திருந்தது. டைரி யார் பொறுப்பு? ரைட்டர் பொறுப்பு. ஆக, கிழிக்கச் சொல்லியும் கிழிக்காத ஆள்மேலேயே, பக்கத்தைக் கிழித்தார் என்று குற்றச்சாட்டு எழுதினார்கள்.

ஐயங்கார் கோர்ட்டில் அழுத அவமானத்தில் குடும்பத்தோடு வடக்கே யாத்திரை போயிருந்தார். மிச்சம் இருந்த சாட்சி நான் ஒருவன்தான்.

விசாரணைக்கு முதல் நாளே சப் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. தோளில் கை போட்டார். "ஆரோக்கியத்துக்கு எத்தனாவது மாசம்? எட்டா? தலைப்பிரசவம். இந்த நேரத்துல உன்னைப் பச்சமலை அடிவாரத்துக்கு மாத்திட்டாங்கன்னா, யாரு பாத்துக்குவா? நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் சவரி."

அவர் ஒருவர்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

விசாரணை செய்தவர் அவருக்கு வேண்டிய ஓர் இன்ஸ்பெக்டர். "அன்றைக்கு உள்ளே என்ன நடந்ததென்று பார்த்தாயா?" என்று கேட்டார். "தெருவைப் பார்த்து நின்றேன். ஒன்றும் தெரியாது" என்றேன். குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று ஒரு விதி உண்டு. ரைட்டரய்யா எழுந்தார்.

"நானூத்திப் பதினாறு, நீ திரும்பிப் பார்த்தியா?"

"இல்லீங்க."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வாசலில் கை நீட்டித் தூறலா மழையா என்று பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார்.

"வேற கேள்வி இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஏட்டு வேலையிலிருந்து கான்ஸ்டபிளாக இறக்கினார்கள். சட்டைக் கையில் இருந்த மூன்று பட்டைகளையும் அவர் மனைவிதான் நூல் நூலாகப் பிரித்தார். வருஷக்கணக்காக வெயில் படாத இடம் ஆனதால், பட்டையின் தடம் காக்கியில் கருப்பாக அப்படியே நின்றது. அதைப் பார்த்து ஒரு இன்ஸ்பெக்டர் சீறினாராம். "பட்டையை எடுக்கத்தாங்க உத்தரவு. தடத்துக்கு உத்தரவு வரலே" என்றாராம் இவர்.

அதோடு விடவில்லை. போலீஸ் லைனில் இருந்த வீட்டைப் பிடுங்கி, குதிரை லாயத்தை ஒட்டிய ஓர் அறையைக் கொடுத்தார்கள். குழாயடியில் அவர் மனைவியின் குடம் எப்போது வைத்தாலும் கடைசிக்குப் போய்விடும். லைனில் யாரும் அவரோடு பேசுவதில்லை. பேசாதவர்களில் நானும் ஒருவன். ஐம்பதை நெருங்கிய, தொந்தி விழுந்த அந்த மனிதருக்கு மலைக்கோட்டை டியூட்டி போட்டார்கள். உச்சிப் பிள்ளையார் கோவில் பக்கத்தில் ஒரு புத்தகம் மாட்டிவைத்து, பகலில் நாலு தடவை ஏறிப்போய் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கவேண்டும். மலைமேல் யார் போய் என்ன திருடப்போகிறார்கள்? அவர் மூச்சு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

சரியாக ஏறுகிறாரா என்று சோதிக்க ஒருநாள் என்னை அனுப்பினார்கள். போய்ப் புத்தகத்தைப் பிரித்தேன். கையெழுத்து மட்டும் போடச் சொன்ன இடத்தில் அவர் எழுதிவைத்திருந்தார்: "ஒன்பது மணி. காற்று அதிகம். குற்றம் ஒன்றும் இல்லை. காவேரியில் தண்ணீர் வந்திருக்கிறது, இடது கரையோரம் மட்டும்." "பன்னிரண்டு மணி. வெயில். குரங்கு மூன்று. குற்றம் ஒன்றும் இல்லை." பக்கம் பக்கமாக இப்படியே. சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

திரும்பினால் படியில் அவர். முகம் சிவந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"சோதனைக்கு வந்தியா? நல்லாப் பாத்துக்க. நேத்து மூணாவது நடை கால் மணி நேரம் லேட். அதை எழுதியிருக்கேன் பாரு."

"ரைட்டரய்யா, என் மேல உங்களுக்குக் கோவம் இல்லையா?"

அவர் படியில் உட்கார்ந்தார். "இருந்துச்சு. ரெண்டு மாசம் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் ஏறிக்கிட்டு இருக்கும்போது யோசிச்சேன். அழகிரி கையில விழுந்த அடியை நான் என்ன பண்ணேன்? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். ஒன்பதுன்னு எழுதினேன். அந்த அறைக்கும் என் மேஜைக்கும் ஆறு அடி தூரம். எழுந்துபோய் நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலியே. நீ பாத்துட்டுப் பாக்கலைன்னே. நான் கேட்டுட்டு எழுதிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இதுல யாரு யாரைக் கோவிச்சுக்கிறது?"

நான் புத்தகத்தை மூடினேன். அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "சரி, போ. எங்கிட்டப் பேசினியான்னு யாராவது கேட்டா, பேசினேன்னு சொல்லு. பொய் சொல்லாதே, ஞாபகம் வச்சுக்கிறது கஷ்டம்."

அந்த வருஷம் மார்கழியில் ஆரோக்கியமும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஒரு வேலையாகப் போனோம். சித்திரை வீதி முனையில் அழகிரி உட்கார்ந்திருந்தான். வாழைநாரை இடது கையில் சுற்றிக்கொண்டு, மறு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து, பூ கட்டிக்கொண்டிருந்தான். வலது கை மடியில் சும்மா கிடந்தது. சாமிக்குக் கட்டும் பூவில் கால் படக் கூடாது என்று வீடுகளில் அவனிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். தலைக்கு வைத்துக்கொள்ளும் பூ மட்டும் விற்கிறான். ஆரோக்கியம் ஒரு முழம் வாங்கினாள். அவன் என்னை அடையாளம் கண்டு, "கும்பிடுறேங்க" என்றான்.

பாலம் தாண்டியதும் ஆரோக்கியம், "அன்னிக்கு நீங்க பாத்தீங்க, இல்லே?" என்றாள்.

"சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல மண்டிபோட்டுச் செஞ்ச பாவத்தைச் சொல்லிட்டேன்" என்றேன்.

"சாமியாரா ரைட்டரய்யா பட்டையைப் பிடுங்கினாரு? பிடுங்கினவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. பெல்ட்டைக் குரங்கு தூக்கிட்டுப் போன கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

ரைட்டரய்யாவும் அதற்குள் சும்மா இருக்கவில்லை. மலையில் ஏறி இறங்கிய நேரம் போக, மேல்முறையீடு எழுதிக்கொண்டே இருந்தார், எல்லாம் விதிப்படி, சரியான வழியாக. எத்தனை அடுப்பு எரிந்ததோ, ஒன்று தப்பி மேலே போய்விட்டது. புதிதாக வந்த சூப்ரண்டு துரை ஒரு தனிப் பிறவி. வந்த காகிதத்தை எல்லாம் படிக்கிறவர். மறுவிசாரணைக்கு உத்தரவு போட்டு, தானே உட்கார்ந்தார். நான் போய், சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வட்டில், புளி, சங்கு சக்கரம், கிழி என்றது, கிழிக்காதது, பிறகு என் தோளில் விழுந்த கை. சொல்லி முடித்தபோது ரைட்டரய்யாவின் மனைவி வெளி வராண்டாவில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. துரை தமிழ் கற்றவர். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரைட்டரய்யாவைக் கேட்டார்.

"முதல் விசாரணையில் இந்த ஆள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறான். அப்படியென்றால் அப்போது சத்தியம் செய்து பொய் சொன்னானா?"

நான் ரைட்டரய்யாவைப் பார்த்தேன். அவருக்காகத்தானே வந்திருக்கிறேன்? ஏதாவது சொல்லலாம். பயந்துவிட்டான், சின்னவன், குடும்பஸ்தன் என்று எவ்வளவோ இருக்கிறதே.

"ஆமாங்க துரை. பொய்தான் சொன்னான்" என்றார் ரைட்டரய்யா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னிக்குச் சொன்னது அத்தனையும் நிஜம்" என்றார்.

தீர்ப்பு இப்படி வந்தது. ரைட்டரய்யாவுக்குப் பட்டை மூன்றும் திரும்பக் கிடைத்தன. இழந்த சீனியாரிட்டி கிடைக்கவில்லை. எங்கள் சப் இன்ஸ்பெக்டரை வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். பட்டணத்தில் அவருக்கு ஆள் இருந்தது, அங்கே போய் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அழகிரிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவனைப் பற்றி அந்த விசாரணையில் கேட்க விதி இல்லை. முதல் விசாரணையில் பொய் சொன்னதற்காக எனக்குப் பதினாலு நாள் தண்டனைக் கவாத்து.

"தனக்குச் சாட்சி சொல்ல வந்த மனுஷனையே மாட்டிவிட்டுட்டாரே!" என்று ரைட்டரய்யாவின் மனைவி எங்கள் வீட்டுக்கே வந்து அழுதார். ஆரோக்கியம் அழவில்லை. அன்று எனக்குக் குழம்பில் உப்புச் சரியாகப் போட்டாள்.

தண்டனைக் கவாத்து என்றால் வெயிலில், துப்பாக்கியைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மைதானத்தைச் சுற்றி இருபது சுற்று ஓடுவது. முதல் நாள் நான் ஓட ஆரம்பித்தபோது பார்த்தேன், மைதானத்தின் ஓரத்தில் ரைட்டரய்யா நிற்கிறார். புதிதாகத் தைத்த பட்டையோடு, விறைப்பாக. பத்தடி தள்ளி வேப்பமரமும் நிழலும் இருக்கின்றன. அங்கே போகவில்லை. நான் ஓடி முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் டியூட்டிக்குப் போய்விட்டார். இரண்டாம் நாளும் நின்றார். மூன்றாம் நாளும்.

பதினாலாம் நாள் நல்ல வெயில். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கவாத்து வாத்தியார் மனம் இளகி, கையை உயர்த்தினார்.

"போதும்டா. இருபது ஆச்சு. துப்பாக்கியை இறக்கு."

துப்பாக்கியை இறக்கப் போனேன். ஓரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பதினெட்டுதாங்க ஆயிருக்கு. இன்னும் ரெண்டு பாக்கி."

வாத்தியார் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் துப்பாக்கியில் குண்டு இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினேன். இரண்டு எட்டு எடுத்து வைத்திருப்பேன்; பின்னால் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. தொப்பியைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, தொந்தி குலுங்க, ரைட்டரய்யா என் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். மூச்சு இரைக்க இரைக்க, "ஒண்ணு" என்று எண்ணினார். அந்த இரண்டு சுற்றையும் என்னோடு ஓடி முடித்தார்.